மிஸ் வளர்த்த எலி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாக ஏசி பூட்டிய அறையில் குடியிருந்தது ஓர் எலி. தொரை பங்களாவில் மின்விசிறிதான். மருந்து கொடுக்கிற காம்பராவில் அதுவும் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்போது கரண்டே இல்லை, குப்பி விளக்குதான். எலிக்கு மட்டும் ஏசி. இந்த ஒன்றைச் சொல்லியே நான் அதை வளர்த்த மிஸ்ஸைப் பற்றிய பேச்சை முடித்துவிடலாம். ஆனால் என் மனசு ஆறவில்லை, அதனால் முழுவதும் சொல்கிறேன்.

"எலி" என்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "எலி இல்லை, சின்சில்லா" என்று திருத்துவார். ஏதோ பனிமலை நாட்டுப் பிராணியாம். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. தோட்டம் முழுக்க அதற்கு ஏசி எலி என்றுதான் பெயர்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நாட்டையும் சொல்லமாட்டேன். சொன்னால், எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து "உங்களைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாள்" என்று அனுப்பிவைக்க நம்மில் நாலு பேர் இருக்கிறார்கள். அவரும் அதை யாரையாவது வைத்து வாசித்துக் கேட்டுவிட்டு, எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போடுவார். போடுவார், சத்தியமாகப் போடுவார். அதை என்னால் தாங்க முடியாது.

தொண்ணூற்றேழாம் வருடம் தெரணியகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்களைத் திருத்தி அமைக்க வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பிள்ளைக் காம்பரா என்றால் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். காலியாகக் கிடந்த சின்னத் தொரை பங்களாவை அவருக்குக் கொடுத்தார்கள். பங்களா வேலைக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷில் எப்படியோ பாஸாகியிருந்த நான் போனேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

நல்ல உயரம் அவர். மூக்கிலும் கையிலும் ரவை தூவினதுபோல் புள்ளிகள். காலில் அட்டை ஏறினால் கத்தமாட்டார். குனிந்து அதைப் பக்குவமாகப் பிடுங்கி, தேயிலைச் செடி மேல் பத்திரமாக விடுவார். அது அடுத்து யார் காலைத் தேடிப் போகும்? பின்னால் வருகிற எங்கள் காலைத்தான். எங்கள் பெண்கள் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நசுக்குவார்கள்.

தமிழில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை, "சரியா?" மற்றதெல்லாம் இங்கிலீஷ். எதைச் சொன்னாலும் கடைசியில் அதைச் சேர்த்துக்கொள்வார். தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, நம் பதிலுக்கு உயிரையே வைத்துக் காத்திருப்பதுபோல் கேட்பார். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். "தொரைமார் எவனாச்சும் நம்மகிட்ட ஒரு நாளு கேட்டிருக்கானா, சரியான்னு?" என்று எங்கள் லயமே மெச்சியது. ஆனால் அவர் கேட்கிற நேரத்தில் அந்தக் காரியம் ஏற்கெனவே முடிந்திருக்கும். கக்கூஸ் கதவுகளுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்து முடித்துவிட்டு, கையில் தூரிகையோடு வந்து "சரியா?" என்பார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அவர் இடமே வைக்கவில்லை.

நாங்கள் மட்டும் யோக்கியமா? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்த ஒரு பழக்கம் எங்களுக்கு. பங்களாவிலிருந்து வருகிறவர் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டுவோம். ஆள் தலை மறைந்ததும் எங்களுக்குத் தெரிந்தபடிதான் செய்வோம். தொரைமாருக்கு இது தெரியும், அதனால்தான் பின்னாலேயே ஒரு கங்காணியை அனுப்பிவைப்பார்கள். மிஸ்ஸுக்குத் தெரியாது. நாங்கள் தலையாட்டியதை அவர் அப்படியே நம்பினார்.

பிள்ளைக் காம்பராவில் சேலைத் தொட்டில்களை அவிழ்க்க வைத்த கதையும் இதேதான். உத்தரத்தில் வரிசையாகக் கட்டியிருந்த பழைய சேலைகளைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு பதறியதாம், குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று. அடுத்த கிழமையே எட்டு மரக்கட்டில்கள் வந்து இறங்கின. நாலு பக்கமும் கம்பி அடித்த குட்டிக் கட்டில்கள். "இனிமேல் குழந்தைகள் இதில்தான் தூங்கும், சரியா?" என்றார். "சரிங்க மிஸ்" என்றோம். முதல் நாள் எட்டுப் பிள்ளைகளும் போட்ட சத்தம் மூன்றாம் நம்பர் மலை வரைக்கும் கேட்டது. ஆடாத படுக்கையில் எந்தப் பிள்ளை தூங்கும்? மூன்றாம் நாளிலிருந்து அவர் ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கட்டிலில் கிடத்துவது, ஜீப் போனதும் சேலையைக் கட்டுவது என்று ஆயாக் கிழவி ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். மிஸ் அந்தக் கட்டில்களைப் படம் பிடித்துத் தன் நாட்டுக்கு அனுப்பினார்.

அந்த ஆயாக் கிழவி அடுத்த வருடக் கடைசியில் வேலையிலிருந்து நிற்கப் போகிறாள் என்று பேச்சு வந்தது. அவள் இடத்துக்கு வருகிறவளுக்கு மூன்று மாதம் பயிற்சி, மாதச் சம்பளம், லயத்துக்கு வெளியே தனியாக ஒரு வீடு. யாரைப் போடலாம் என்று மிஸ் எழுதிக் கொடுத்தால் ஆபீசில் அப்படியே செய்வார்கள்.

இதைக் கேட்ட நாளிலிருந்து என் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இல்லாத வீடு. அம்மா பதினாலு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அவள் உச்சந்தலையில் ஓர் இடத்தில் முடியே கிடையாது. "அந்தக் கயிறு ஒன் தலையில ஏறக்கூடாது புள்ள. அவ என்ன சொன்னாலும் செய்யி. காலப் புடிச்சாவது அந்த வேலைய வாங்கிரு" என்பாள். எனக்கும் அது ஒன்றுதான் ஆசை. வேறு எதையும் நான் அந்த வயதில் இவ்வளவு ஆசைப்படவில்லை.

இந்த நேரத்தில்தான் எலி வந்தது.

கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் வளர்த்த சின்சில்லாவை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப்பிலிருந்து இறங்கினார். மடியில் கூண்டு, கூண்டின் மேல் ஈரத்துணி, முகமெல்லாம் வேர்வை, கண்ணில் தண்ணீர். "எனக்கு நாற்பத்திரண்டு வயது. சின்ன வயதில் ஒரு பூனைக்குட்டிகூட வளர்க்க என் தாய் விடவில்லை. இதுதான் என் முதல் பிராணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் பாசமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

பிராணியும் அழகுதான். சாம்பல் நிறம், அணில் வால், காது மட்டும் பெரிசு. ரோமமோ தொட்டால் தொட்டதே தெரியாத மாதிரி மெத்தென்று இருக்கும். நீட்டுகிற பிளம்ஸை, அதுதான் காய்ந்த திராட்சையை, இரண்டு கையாலும் வாங்கி, குந்தி உட்கார்ந்து, பெரிய மனுஷன்போல் யோசித்து யோசித்துத் தின்னும். ஆனால் நம் சூட்டில் அது செத்துப்போகுமாம். எங்கள் பக்கம் மழை ஓயாது, ஆனாலும் புழுக்கம் போகாது. அவிசாவளையிலிருந்து ஆள் வந்து சாமான் அறைச் சுவரை உடைத்து ஏசியைப் பூட்டிவிட்டுப் போனான்.

தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் பங்களா வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். மூன்று மூன்று பேராக உள்ளே விட்டார். அவர்கள் எலியையா பார்த்தார்கள்? அந்தக் குளிர்காற்றில் ஒரு நிமிடம் நின்று வேர்வையை ஆற்றிக்கொண்டார்கள். எங்கள் லயத்துக் கிழவி ஒருத்தி அந்த அறையைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அந்த மூலையில எனக்கு ஒரு பாயப் போட்டுக் குடுங்க மிஸ், நானும் எலியா இருந்துக்கிறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று மிஸ் கேட்டார். "எலி ரொம்ப வடிவா இருக்காம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பேசுவார், அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. "ஆயா வேலைக்கு உன் பெயரைத்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் நீ பொறுப்பானவள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். இந்தப் பிராணியை நீ ஒரு வருடம் நன்றாகப் பார்த்துக்கொள். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சரியா?"

"சரிங்க மிஸ்" என்றேன். வேறென்ன சொல்வது? மனுஷப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்கு எலியிடம் பரீட்சை. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். "எலின்னா எலி. பாஸாகிரு" என்றாள்.

அந்த எலிக்குக் காய்ந்த புல் வேண்டும். பச்சைப் புல் ஆகாது. எங்கள் பக்கத்து மழையில் சொந்தச் சட்டை காயவே மூன்று நாள் ஆகும், புல் எங்கே காய்வது? மிஸ் யோசித்தார். தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், கொழுந்தை வாட்டுகிற மாடி இருக்கிறதே, அதன் ஓரத்தில் புல்லைப் பரப்பலாம் என்று கண்டுபிடித்தார். அவரே புல் கட்டோடு போய்ப் பரப்பிவிட்டு, டீ மேக்கர் ஐயாவிடம் "சரியா?" என்றார். அவரும் "ஓகே மிஸ்" என்று பல்லைக் காட்டினார். மிஸ் போனதும் என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணியில புல்லு வாசம் அடிச்சா என் வேலை போகும். இன்னொரு வாட்டி இந்தப் புல்லோட ஸ்டோர் வாசல்ல ஒன்னப் பாத்தேன், காலை ஒடைப்பேன்" என்றார். மிஸ்ஸிடம் போய்ச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். அதனால் அந்தப் புல்லை எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே இருந்த பரணில் போட்டுக் காய வைத்தேன். அம்மா விறகு காய வைக்கிற இடம் அது. அந்த வருடம் முழுக்க எங்கள் விறகு நனைந்து கிடந்தது. அம்மா ஈர விறகை ஊதி ஊதி இருமினாள். எலி மொறுமொறுவென்று தின்றது. "ஸ்டோரில் எவ்வளவு அருமையாகக் காய வைக்கிறார்கள்!" என்று மிஸ் அந்தப் புல்லை மோந்து பார்த்துச் சொல்வார்.

இனிக் குளிப்புக்கு வருகிறேன். அந்த எலி தண்ணீரில் குளிக்காது. அதற்கென்று வெளிநாட்டிலிருந்து டின்னில் ஒரு மண் வரும், முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி. அதை ஒரு சட்டியில் கொட்டி வைத்தால் உள்ளே இறங்கிப் புரளும். முதல் நாளே மிஸ் என்னிடம் சொன்னார், "இதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. சரியா?" நான் "சரிங்க மிஸ்" என்றேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கேட்காததற்குக் காரணம், எனக்கு அது தெரியும் என்று நான் நினைத்ததுதான். வெள்ளைக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிக்க அஞ்சுகிறவர்கள், கக்கூசுக்குப் போனாலும் காகிதத்தில் துடைத்துக்கொள்கிறவர்கள் என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மிஸ்ஸும் கிழமைக்கு இரண்டு நாள்தான் தலை நனைப்பார். தான் குளிக்காததோடு தான் வளர்க்கிற வாயில்லா ஜீவனையும் குளிக்க விடாமல் மண்ணில் புரட்டுகிறார் என்றே நான் நம்பினேன். அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பாவம்டி அது" என்றாள்.

தீபாவளிக்கு முதல் கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டார். நண்பர்களோடு மூன்று நாள் கடற்கரைக்குப் போகிறாராம். "நீ அந்த மூன்று நாளும் பங்களாவிலேயே இரு. உங்கள் பண்டிகை என்று தெரியும். திரும்பி வந்ததும் உனக்கு வேறு மூன்று நாள் லீவு தருகிறேன். சரியா?" தீபாவளியைத் தூக்கி அடுத்த கிழமையில் வைக்கலாம் என்று நினைக்கிற ஆளிடம் என்ன பேசுவது? "சரிங்க மிஸ்" என்றேன். பரீட்சை முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

தீபாவளி அன்று விடிந்ததும் அம்மா பங்களாவுக்கு ஏறி வந்தாள். எனக்குப் புதுச்சட்டை, ஒரு தூக்கில் பலகாரம், போத்தலில் காய்ச்சிய நல்லெண்ணெய். குசினிக்குப் பின்னால் என்னைக் குந்த வைத்து, உச்சியில் எண்ணெய் வைத்து, தேய்த்து, வெந்நீர் ஊற்றிவிட்டாள். வீட்டிலே ஆடு இரண்டுக்கும் நாய்க்கும்கூட நெற்றியில் எண்ணெய் வைத்துவிட்டுத்தான் வந்தாளாம். போகிறபோது ஏசி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். எலி மண்சட்டியில் புரண்டு எழுந்து, மூஞ்சியெல்லாம் தூசியோடு நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா இத இப்பிடியா வச்சிருக்கிறது? இதுக்கும் ஒரு சொட்டு எண்ண வச்சு ரெண்டு செம்பு ஊத்துடி. புண்ணியமாப் போகும்."

"தண்ணி படக்கூடாதுன்னு மிஸ் சொல்லிருக்காம்மா."

"அவ சொல்லுவா. அவளா இங்க இருக்கா?"

அம்மா ஆடுகளைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனாள். பழியை அம்மாமேல் போட நான் இதைச் சொல்லவில்லை. செய்தது நான்தான். வெந்நீரில் கையை விட்டுச் சூடு பார்த்து, பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் பதமாக விளாவினேன். அதன் நெற்றியிலும் முதுகிலும் எண்ணெய் வைத்தேன். துள்ளியது. பிடித்துக்கொண்டு ஊற்றினேன். பாவம் பார்த்துத்தான் ஊற்றினேன் என்று இத்தனை வருடமும் சொல்லி வருகிறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு விடாத ஆத்திரம் அந்தச் செம்பில் கொஞ்சம் கலந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் பட்டதும் அது பாதியாகச் சுருங்கிவிட்டது. துவாலையால் துடைத்தேன், துடைக்கத் துடைக்க ஈரம் உள்ளே உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை. அது பயத்தில் நெளிந்தபோது இறுக்கிப் பிடித்தேன், என் கையில் ஒரு பிடி ரோமம் கழன்று வந்தது. ஐயோ, அந்த இடத்தில் வெறும் தோல் தெரிந்தது. பயந்துபோய் அதன் அறையிலேயே கொண்டுபோய் விட்டேன், அதற்குக் குளிர்தானே பிடிக்கும் என்று. ஈர உடம்போடு ஏசிக் காற்றில். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது மூலையில் சுருண்டு வெடவெடவென்று நடுங்கியது. குசினிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அடுப்படியில் மடியில் வைத்துக்கொண்டேன்.

பங்களாவில் சமைக்கிற அப்பு சிங்கள ஆள், வயசானவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். "மொகத நங்கி கரே?" என்றார், என்ன தங்கச்சி செய்தாய் என்று. எண்ணெய்ப் போத்தலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு சாக்கைச் சூடு காட்டி அதைச் சுற்றினார். நான் பிளம்ஸ் கொடுத்துப் பார்த்தேன். வாங்கவில்லை. கையை மட்டும் என் விரலில் வைத்துக்கொண்டது. பகல் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் அந்தக் கை விறைத்துப்போயிற்று. "அனே பவ்" என்றார் அப்பு, ஐயோ பாவம் என்று. அவர் எலியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தெரியவில்லை. புதுச்சட்டையோடு நான் அடுப்படியில் உட்கார்ந்து குரலெடுத்து அழுதேன். கீழே லயத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

மிஸ் வந்தபோது நானே சொன்னேன். அப்பு, "வயித்தால போய்ச் செத்துச்சுன்னு சொல்லிரலாம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். பொறுப்பானவள்தானே நான்.

அவர் திட்டவில்லை. கத்தவும் இல்லை. அந்தக் காலிக் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணீர் படக்கூடாது என்று நான் சொன்னேன் அல்லவா?"

"சொன்னீங்க மிஸ்."

"நீ சரி என்றாய்."

"சொன்னேங்க."

"பிறகு ஏன்?"

இதற்கு எந்த இங்கிலீஷில் பதில் சொல்வது? தீபாவளியை, எண்ணெயை, ஆட்டின் நெற்றியை, கூரையிலிருந்து தொங்குகிற சேலைத் தொட்டில்களை, நாங்கள் தலையாட்டுகிற தலையாட்டலை எந்த வார்த்தையில் சொல்வது? அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "எனக்கு உன்மேல் கோபமே இல்லை. சரியா?" என்றார். அவர் கண்ணீர் என் தோளில் சூடாகப் பட்டது. இரண்டு அறை விட்டிருந்தால் நான் அவரை என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

கோபம் இல்லை என்று சொன்னதைக் கேட்டு நானும் அம்மாவும் நம்பி இருந்துவிட்டோம். டிசம்பரில் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அம்மா அரைநாள் பேரும் சம்பளமும் போனாலும் போகட்டும் என்று கூடவே வந்தாள், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு. பெரிய கிளாக்கர் ஐயா மிஸ்ஸின் கடிதத்தைப் பிரித்து, எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். நேர்மையான பெண். சுத்தமானவள். பொய் சொல்லமாட்டாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு பெரிய கிளாக்கர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆனால் உயிருள்ள எதையும் இவள் பொறுப்பில் விடும்படி என்னால் சொல்ல முடியவில்லை" என்று வாசித்தார்.

சின்னக் கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப இவளுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டாள் அம்மா.

"மலையில பேர் பதியலாம். கொழுந்து எடுக்கட்டும்."

"கொழுந்துச் செடிக்கு உசிரு இல்லீங்களா? அத மட்டும் எப்பிடி இவ கையில குடுக்குறீங்க?"

பெரிய கிளாக்கர் கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். அடுத்த திங்கட்கிழமை ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூடைக் கயிற்றை என் தலையில் மாட்டிவிட்டது அம்மாதான். மாட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயா வேலை மேல் டிவிஷனில் ஒரு கங்காணி மகளுக்குப் போயிற்று.

ஊருக்குத் திரும்புகிறபோது மிஸ் என்னைத் தேடி மலைக்கே வந்தார். வரிசையில் கூடையோடு நின்றிருந்த என்னை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார். "நான் உண்மையைத்தான் எழுத வேண்டியிருந்தது. உனக்குப் புரியும். நாம் என்றும் நண்பர்கள். சரியா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நூறு தடவை மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வந்தது "சரிங்க மிஸ்" தான். அதற்காக அவரை வெறுப்பதா, என்னை வெறுப்பதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

நல்லவர் என்று இன்றைக்கும் தோட்டத்தில் சொல்வார்கள். நானும் மறுக்கமாட்டேன். நல்லவர்தான். அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் என் ஆத்திரம்.

ஐந்து வருடம் கழித்து எனக்கு மூத்தவள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து அம்மா வெந்நீர் வைத்தாள். பலகையில் என்னைக் கால் நீட்டி உட்காரச் சொல்லி, பிள்ளையை என் கால்மேல் கிடத்தினாள். எண்ணெய் தடவினேன். பிள்ளை வழவழவென்று நெளிந்தது. செம்பில் மொண்டேன். சூடு சரிதானா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். உயிருள்ள எதையும், உயிருள்ள எதையும் என்று பெரிய கிளாக்கர் குரல் காதுக்குள் வாசித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஆறிப்போயிற்று. அம்மா செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னை எழுந்திருக்கச் சொன்னாள்.

அந்த நாற்பது நாளும் அம்மாதான் ஊற்றினாள். நான் எங்கள் லயத்துக் காம்பராக் கதவுக்கு வெளியே நின்று, பிள்ளை அழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.